கிராம்வெல்தான் இங்கிலாந்தின் சமையலைக் கெடுத்தாரா?

வாசகர் கேள்வி: 26 டிசம்பர் 2023, மாலை

நேற்று கிறிஸ்துமஸ் விருந்தில் பேச்சு இப்படிப் போனது. இங்கிலாந்துச் சாப்பாடு உப்புச் சப்பில்லாமல் போனதற்குக் காரணம் பதினேழாம் நூற்றாண்டுப் படைத்தளபதி ஆலிவர் கிராம்வெல். அரசன் தலையை வெட்டிவிட்டுக் குடியரசு என்று சொல்லிக்கொண்டு கிறிஸ்துமஸ், பிளம் புட்டிங், மின்ஸ் பை மாதிரிப் பண்டிகைப் பலகாரங்கள் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டார். பதினோரு வருடம் வாயைக் கட்டிக் கிடந்த ஜனம் சமைக்கவே மறந்துபோனது. இன்றைக்கும் கிறிஸ்துமஸ் அன்று மின்ஸ் பை சாப்பிட்டால் சட்டப்படி குற்றமாம். இதெல்லாம் உண்மையா? எனக்கென்னவோ மன்னர் இருக்கும் ஊரில்தான் விருந்தும் இருக்கும் என்று தோன்றுகிறது.

26 டிசம்பர், இரவு

இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தடை போட்டது நாடாளுமன்றம். அதுவும் அரசன் முதலாம் சார்லஸ் உயிரோடு இருந்தபோதே. 1644-இல் கிறிஸ்துமஸ், மாதாமாதம் அனுசரிக்கும் நோன்பு நாளில் வந்து விழுந்தது. நோன்பைத்தான் பிடிக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் ஆணையிட்டது. 1645-இல் வந்த புதிய வழிபாட்டு முறையில் பண்டிகை நாட்களுக்கு இடமில்லை. ஜூன் 1647-இல் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், விட்சன் மூன்றையும் ரத்து செய்தார்கள். அந்த ஆணை வருவதற்குச் சில நாட்கள் முன்புதான் கிராம்வெல் லண்டனை விட்டுக் கிளம்பிப் படையோடு போய்ச் சேர்ந்திருந்தார். படைக்கும் நாடாளுமன்றத்துக்கும் அப்போது கடும் சண்டை. அவர் நாட்டுத் தலைவரானது 1653 டிசம்பரில்.

அந்த 1647 ஆணையில் பை பற்றியோ புட்டிங் பற்றியோ ஒரு வரி கிடையாது. பண்டிகை விடுமுறைகளை எடுத்துவிட்டதால், வேலைக்காரர்களுக்கும் தொழில் பழகும் பையன்களுக்கும் மாணவர்களுக்கும் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று அடுத்து அறிவித்தார்கள். இதை யாரும் சொல்வதே இல்லை.

இன்றைக்கும் குற்றமா என்றால், நிச்சயமாக இல்லை. அரசனின் ஒப்புதல் இல்லாமல் நிறைவேறிய சட்டங்கள் எல்லாம் மன்னராட்சி திரும்பிய 1660-இல் செல்லாதவை ஆகிவிட்டன. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கிராம்வெல் காலத்துக் கிறிஸ்துமஸுக்கு நல்ல சாட்சி ஜான் ஈவ்லின். மன்னர் பக்கத்து மனிதர், நாட்குறிப்பு எழுதியவர். 1657 கிறிஸ்துமஸ் அன்று லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் ஒரு மாளிகைத் தேவாலயத்தில் ரகசிய வழிபாடு நடக்கிறது. படைவீரர்கள் வந்து சூழ்ந்து எல்லோரையும் பிடித்து வைக்கிறார்கள். அப்படிப் பிடித்து வைத்த அறையிலேயே வீட்டுக்காரரோடும் மற்ற விருந்தினரோடும் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட விட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகுதான் விசாரணை. வழிபாட்டைத்தான் தடுத்தார்கள், சாப்பாட்டை அல்ல.

27 டிசம்பர்

"அப்படியென்றால் ஜனங்களுக்குக் கஷ்டமே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். இருந்தது. 1647 கிறிஸ்துமஸ் அன்று கேன்டர்பரியில் கடைகளைத் திறந்து வைக்க மேயர் உத்தரவு போட்டார். ஜனம் திரண்டு, திறந்திருந்த கடைகளைச் சூறையாடியது. வீட்டு வாசல்களில் ஹாலிக் கிளையைக் கட்டினார்கள், தெருவில் பந்து உதைத்தார்கள். அந்தக் கோபம் அடுத்த ஆண்டு கென்ட் மாவட்டமே கிளர்ச்சியில் இறங்கும் அளவுக்கு வளர்ந்தது.

ஆனால் சாப்பாட்டில் நேராகக் கைவைத்தது கலால் வரி. அரசனோடு நடந்த உள்நாட்டுப் போருக்குப் பணம் வேண்டும் என்று 1643-இல் ஜான் பிம் தலைமையில் நாடாளுமன்றம் பீர், சைடர் மீது போட்டது. அடுத்த ஆண்டு இறைச்சிக்கும் போட்டார்கள், உப்புக்கும் வந்தது. 1647 பிப்ரவரியில் லண்டன் ஸ்மித்ஃபீல்டு மாட்டுச் சந்தையில் கலவரம் வெடித்து வரி அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். அந்த ஜூனிலேயே இறைச்சி வரியும் உப்பு வரியும் விலக்கப்பட்டன. கிறிஸ்துமஸை ரத்து செய்த அதே ஜூன்.

இதோடு 1646-இலிருந்து விளைச்சலும் தொடர்ந்து பொய்த்தது. ரொட்டி விலை ஏறிக்கொண்டே போனது. அரசன் தலை விழுந்த 1649 ஜனவரியில் ஊர் பசியோடுதான் நின்றது. குடியரசு பிறந்த வீட்டில் தானியம் இல்லை. அது குடியரசின் கொள்கையால் வந்த பஞ்சம் அல்ல, மழையாலும் போராலும் வந்தது.

28 டிசம்பர்

இந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது என்று கேட்டால் எனக்கு ஒரு புத்தகம்தான் ஞாபகம் வரும். 1664-இல், மன்னராட்சி திரும்பி வந்த பிறகு, லண்டனில் ஒரு சமையல் புத்தகம் அச்சாகிறது. கிராம்வெல்லின் மனைவி எலிசபெத்தின் சமையல் என்று பெயர் போட்டு, முன்னுரை முழுக்க அந்த அம்மாவைக் கேவலப்படுத்தியிருக்கிறார்கள். கஞ்சம், பட்டிக்காடு, அரண்மனையில் இருக்கத் தகுதி இல்லாதவள் என்று. கிராம்வெல் கன்றிறைச்சிக்கு ஊற்ற ஆரஞ்சு கேட்டாராம். ஸ்பெயினோடு போர் நடப்பதால் ஆரஞ்சு விலை ஏறிக் கிடக்கிறது, அவ்வளவு கொடுத்து வாங்க மாட்டேன் என்று மனைவி சொன்னாராம். இது அதில் வரும் வசைக்கதை.

எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. போர் நடக்கும்போது விலை பார்த்து வாங்குகிற பெண்ணிடம் என்ன தப்பு? அந்த அம்மா அப்போது உயிரோடு இருந்தார், விதவையாக, நார்த்பரோவில் மருமகன் வீட்டில் ஒதுங்கி. அடுத்த ஆண்டு இறந்துபோனார். பதில் சொல்ல அவருக்கு ஒரு வழியும் இல்லை.

முன்னுரையைத் தாண்டிக் குறிப்புகளைப் படித்தால் வேறு படம் தெரிகிறது. எலும்பு மஜ்ஜை போட்ட புட்டிங், சிப்பி சேர்த்த விலாங்கு மீன் பை. அந்தக் காலத்து வசதியான கிராமத்துக் குடும்பம் எதைச் சாப்பிட்டதோ அதுதான். வெண்ணெய் இருக்கிறது, ஜாதிக்காய் இருக்கிறது. வறண்ட சமையலே இல்லை. வசைபாட வந்தவர்களே நல்ல சமையலுக்குச் சாட்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் கிழக்கு இங்கிலாந்தில் ஈலி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்கிறேன். கிராம்வெல் 1636 முதல் பத்து வருடம் போலக் குடும்பத்தோடு வாழ்ந்த வீடு ஈலியில்தான் இருக்கிறது, புனித மேரி தேவாலயத்துக்குப் பக்கத்தில். உள்ளே அடுப்பங்கரையைப் பழையபடி அமைத்திருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் அங்கே போய் அந்த அடுப்பின் முன்னால் நிறைய நேரம் நின்றிருக்கிறேன். அத்தனை பெரிய அடுப்பு வைத்துச் சமைத்த வீட்டைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டில் சாப்பாட்டு ரசனையே கிடையாது என்று யாராவது சொன்னால் என்னால் பொறுக்க முடிவதில்லை.

28 டிசம்பர், பின்னிரவு

தூக்கம் வரவில்லை. ஒன்றை விட்டுவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். 1657 நவம்பரில் கிராம்வெல்லின் கடைசி மகள் ஃபிரான்சஸுக்கு வைட்ஹாலில் கல்யாணம். வயலின்கள், ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆட்டம், விடிய விடிய. இதுதான் சிரிப்பையே தடைசெய்த ஆட்சி என்கிறார்கள்.

29 டிசம்பர்

"குடியரசுக் காலத்தில் இங்கிலாந்துச் சாப்பாட்டுக்கு ஒரு நன்மையாவது நடந்ததா, சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று லெஸ்டரிலிருந்து ஒரு நண்பர். சொல்கிறேன்.

லண்டனின் முதல் காபிக் கடை 1652-இல் கார்ன்ஹில் பக்கத்துச் சந்து ஒன்றில் திறந்தது. நடத்தியவர் பாஸ்குவா ரோசே. பிரெஞ்சுச் சமையலையே புரட்டிப்போட்ட லா வரென் என்பவரின் புத்தகம் 1651-இல் பிரான்சில் வந்தது. இரண்டே ஆண்டில், 1653-இல், ஆங்கிலத்தில் லண்டனில் கிடைத்தது. சாக்லேட் பானம் விற்பனைக்கு என்று விளம்பரம் வந்தது 1657-இல். தேநீர் விளம்பரம் 1658 செப்டம்பரில், கிராம்வெல் இறந்த அதே மாதத்தில். இன்று இங்கிலாந்து என்றதும் உலகம் நினைக்கிற அந்தத் தேநீர்க் கோப்பை லண்டன் செய்தித்தாளில் அறிமுகமானது மன்னர் இல்லாத இங்கிலாந்தில்.

நம்மோடும் ஒரு தொடர்பு உண்டு. சென்னைக் கோட்டையை வைத்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தபோது 1657-இல் அதற்குப் புதிய சாசனம் கொடுத்து நிரந்தர முதலீட்டோடு நிற்க வைத்தவர் கிராம்வெல். மிளகு தொடர்ந்து கப்பல் ஏறியதில் அவருக்கும் பங்கு இருக்கிறது. அது நமக்கு நன்மையா என்பது வேறு விவாதம்.

காபிக் கடையைச் சும்மா சொல்லவில்லை. 1659 குளிர்காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் மைல்ஸ் என்பவரின் காபிக் கடையில் ஒரு கூட்டம் இரவுதோறும் கூடியது. பெயர் ரோட்டா. தலைமை அரசியல் சிந்தனையாளர் ஜேம்ஸ் ஹாரிங்டன். குடியரசு எப்படி இருக்க வேண்டும், பதவியில் இருப்பவர்களை எத்தனை காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று விவாதிப்பார்கள். விவாதம் முடிந்ததும் பெட்டியில் ரகசிய வாக்கு. நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் அங்கே போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

ஹாரிங்டன் 1656-இல் எழுதியதில் எனக்கு மிகப் பிடித்தது கேக் உதாரணம். இரண்டு சிறுமிகளுக்கு ஒரு கேக். ஒருத்தி வெட்டட்டும், இன்னொருத்தி எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். வெட்டுகிறவள் சமமாக வெட்டித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் சின்னத் துண்டு அவளுக்குத்தான் வரும். ஒரு சபை யோசித்துப் பிரிக்கட்டும், இன்னொரு சபை தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு வேலையும் ஒரே கையில் இருந்தால் கேக் முழுவதும் அந்தக் கைக்கே போய்விடும் என்கிறார். நல்ல தலைவர் வருவார் என்று காத்திருக்காதே, ஏற்பாட்டை ஒழுங்காகச் செய் என்பதுதான் அதன் பொருள். இதைச் சொன்னவரை 1661-இல் கைதுசெய்து கோபுரச் சிறையில் போட்டது திரும்பி வந்த மன்னராட்சி. வெளியே வந்தபோது அவர் உடம்பும் மனமும் நொறுங்கியிருந்தன.

30 டிசம்பர்

சரி, "கிராம்வெல் கெடுக்கவில்லை என்றால் யார் கெடுத்தது? சாப்பாடு மோசம் என்பது பொய்யா?" என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். பொய் இல்லை. ஒரு காலத்தில் நிஜமாகவே மோசமாக இருந்தது. அதன் மிச்சத்தை நான் தினமும் என் சமையலறையில் பார்க்கிறேன்.

நான் சமைத்துப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் உலகப் போருக்கு முன்னாலும் போர் நடந்தபோதும் பிறந்தவர்கள். 1940 ஜனவரி 8 அன்று பேக்கன், வெண்ணெய், சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. முழுக்க முடிந்தது 1954 ஜூலை 4 அன்று. பதினான்கு வருடம். பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்கு வெண்ணெய் சுமார் 57 கிராம், தேயிலையும் அதே அளவு, முட்டை ஒன்று. மற்றபடி முட்டைப் பொடிதான். ரொட்டி போரின்போது ரேஷனில் இல்லை. போர் முடிந்த பிறகு 1946 முதல் 1948 வரை அதற்கும் ரேஷன். பாலையெல்லாம் திருப்பி ஒரே வகைச் சீஸ் செய்ய உத்தரவு போட்டதால் ஊருக்கு ஊர் இருந்த பண்ணைச் சீஸ்கள் அழிந்தன. செய்யத் தெரிந்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பிறகு திரும்பி வரவில்லை.

ஒரு குழந்தை 1938-இல் பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து பதினாறு வயது வரை அது பார்த்தது இந்தச் சாப்பாட்டை மட்டும்தான். பிறகு அது வளர்ந்து, கல்யாணமாகி, தன் பிள்ளைகளுக்குச் சமைக்கிறது. எதை வைத்துச் சமைக்கும்?

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி வெண்ணெய் சுற்றி வரும் காகிதத்தைத் தூக்கி எறிய விடமாட்டார். கேக் தட்டில் தடவ உதவும் என்று மடித்து வைத்துக்கொள்வார். இன்னொருவர் போர் முடிந்து முதல் வாழைப்பழம் கையில் கிடைத்தபோது தோலோடு கடித்ததைச் சொல்லுவார். டப்பியில் வரும் பேரிக்காய்த் துண்டுகள்மேல் கெட்டிப்பால் ஊற்றிக் கொடுத்தால் அவர்கள் முகத்தில் வருகிற சந்தோஷம் வேறு எதற்கும் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொஞ்சம் மிளகு கூட்டிச் சமைத்துப் பார்த்தேன், தட்டு அப்படியே திரும்பி வந்தது. அவர்களுக்கு ருசி தெரியாது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். யார்க்ஷயர் புட்டிங் சரியாக உப்பவில்லை என்றால், கிரேவி கட்டி தட்டியிருந்தால், தட்டைப் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த ரேஷன்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு முதன்முறையாகப் போதுமான பாலும் புரதமும் கொடுத்தது. உணவு அமைச்சராக இருந்த உல்டன் பிரபு, இருப்பதை எல்லோருக்கும் பங்கு போட வேண்டும் என்று நின்றார். ருசி குறைந்தது, உடம்பு தேறியது. இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தைப் பார்க்க வேண்டும்.

30 டிசம்பர், இரவு

மேலே ஒருவர்: "அப்படியானால் ஹிட்லர்தான் காரணம், கேள்வி முடிந்தது." முடியவில்லை. போர் பிரான்சிலும் நடந்தது, இத்தாலியிலும் நடந்தது. அங்கே பசி இன்னும் கொடுமை. ஆனால் போர் முடிந்ததும் அவர்கள் சமையல் எழுந்து நின்றுவிட்டது. கிராமம் இருந்தது, பாட்டி வீடு இருந்தது, வீட்டைச் சுற்றி நிலம் இருந்தது. இங்கிலாந்தில் அது நூறு வருடத்துக்கு முன்பே போய்விட்டது. நாளை எழுதுகிறேன்.

31 டிசம்பர்

நிலம்.

அரசனின் தலை விழுந்து இரண்டு மாதம், 1649 ஏப்ரல் 1. சர்ரேயில் செயின்ட் ஜார்ஜ் குன்று என்ற பொதுநிலத்தில் ஜெரார்ட் வின்ஸ்டன்லியும் இன்னும் சில ஏழைகளும் மண்வெட்டியோடு போய் நிலத்தைக் கொத்த ஆரம்பித்தார்கள். போட்ட பயிர் பார்ஸ்னிப், கேரட், பீன்ஸ். நிலம் எல்லோருக்கும் பொதுவான கருவூலம், அரசன் போய்விட்டான், இனி ஏன் நிலப்பிரபு? இதுதான் அவர்கள் கேட்டது. தளபதி ஃபேர்ஃபாக்ஸ் கூப்பிட்டு விசாரித்தபோது தொப்பியைக் கழற்றாமல் நின்று பேசினார்கள். சுற்றுவட்ட நிலக்காரர்கள் ஆள் வைத்து அடித்தார்கள், பயிரை நாசம் செய்தார்கள், வழக்குப் போட்டார்கள். பக்கத்தில் காபம் (Cobham) என்ற ஊருக்கு இடம் மாறினார்கள். 1650 வசந்தத்தில் அங்கேயும் குடிசைகளைக் கொளுத்தி விரட்டினார்கள்.

இங்கிலாந்தின் குடியரசு வரலாற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர்கள் இவர்கள்தான். பெரிய தத்துவம் பேசியவர்கள் பலர் உண்டு. காய்கறி போட்டுக் காட்டியவர்கள் இவர்கள் மட்டும்தான். அந்தக் குன்று இன்று பெரும் பணக்காரர்கள் வாழும், வாயிலில் காவல் நிற்கும் தனியார் குடியிருப்பு. உள்ளே கோல்ஃப் மைதானம்.

வின்ஸ்டன்லி தோற்றார். ஜெயித்தது வேலி. 1604 முதல் 1914 வரை பொதுநிலத்தை வேலி போட்டுத் தனியார் கைக்குக் கொடுக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலியடைப்புச் சட்டங்கள் 5,200-க்கு மேல். அடைபட்ட நிலம் 68 லட்சம் ஏக்கர். பெரும்பகுதி நடந்தது 1750-க்குப் பிறகு, நிலப்பிரபுக்கள் நிறைந்த, மன்னரின் பெயரால் நடந்த நாடாளுமன்றங்களில். ஒரு மாடு மேய்க்க இடம், வாத்து வளர்க்கக் குட்டை, விறகு பொறுக்கக் காடு, இதெல்லாம் போனது. பால் போனது, வெண்ணெய் போனது, அடுப்பெரிக்க வழியும் போனது. அடுப்பே எரியாத வீட்டில் என்ன சமையல்? கடையில் ரொட்டி வாங்கிச் சர்க்கரை போட்ட தேநீரில் தொட்டுச் சாப்பிட்டார்கள்.

1851 கணக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஜனம் நகரத்தில். நகரத்து ரொட்டியில் படிகாரம் கலந்தார்கள். 1858-இல் பிராட்ஃபோர்டில் மிட்டாயில் தவறுதலாக ஆர்செனிக் சேர்ந்து சுமார் இருபது பேர் செத்தார்கள். நெசவாளர்கள் ராச்டேலில் 1844-இல் கூட்டுறவுக் கடை திறந்தபோது விற்றது கலப்படமில்லாத மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ். கலப்படமில்லாத மாவு கிடைப்பதே அப்போது ஒரு புரட்சி.

இதுதான் என் பதில். இங்கிலாந்தின் சமையலைக் கெடுத்தது மன்னரில்லாத அந்தப் பதினோரு வருடம் அல்ல. ஏழையின் கையிலிருந்து நிலத்தை எடுத்தது முதல் அடி, ரேஷன் இரண்டாவது அடி. முதல் அடியில் வேர் போயிருந்ததால்தான் இரண்டாவதிலிருந்து எழ இவ்வளவு காலம் ஆனது.

2 ஜனவரி 2024

புத்தாண்டு விடுமுறையில் யோசித்துக்கொண்டே இருந்தேன். நேற்று முன்தினம் எழுதியதை அப்படியே விட முடியாது, ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது. நான் வேலைக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் அந்தப் பக்கம்தான் கிடக்கிறது.

ஈலியைச் சுற்றி இருப்பது ஃபென் பூமி. அந்தக் காலத்தில் சதுப்பு. விலாங்கு மீன், காட்டு வாத்து, நாணல், கோடையில் மேய்ச்சல் என்று ஏழைகள் அதில் பிழைத்தார்கள். தண்ணீரை வடித்து விளைநிலமாக்கப் பெட்ஃபோர்டு பிரபுவும் அவருடைய கூட்டாளிகளும் சார்லஸ் மன்னர் காலத்திலேயே இறங்கினார்கள். அப்போது உள்ளூர் ஜனங்களின் பக்கம் நின்றவர் என்று கிராம்வெல்லுக்கு இங்கே பெயர். ஆனால் குடியரசு என்று அறிவித்தது 1649 மே 19. ஃபென் பூமியை வடிக்கும் சட்டம் நிறைவேறியது அதே மே 29. கால்வாய் வெட்ட, டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகளைக் கொண்டுவந்து சேற்றில் இறக்கினார்கள். பிறகு டச்சுக் கைதிகளையும். எதிர்த்த மீனவர்களையும் நாணல் வெட்டுகிறவர்களையும் அடக்கப் படை வந்தது. வின்ஸ்டன்லியைக் காப்பாற்றாததும் இதே குடியரசுதான்.

அந்த நிலம் இன்று கருகருவென்று இருக்கிறது. செலரி, உருளைக்கிழங்கு, கீரை எல்லாம் அதில் விளைந்துதான் என் சமையலறைக்கும் வருகிறது. அதற்காக அன்று பறித்ததை நியாயம் என்று சொல்லமாட்டேன்.

அயர்லாந்தையும் சொல்லியாக வேண்டும். 1649-இல் ட்ரோஹெடாவிலும் வெக்ஸ்ஃபோர்டிலும் நடந்த படுகொலை, பிறகு பயிரை எரித்ததால் வந்த பஞ்சம், கொள்ளைநோய். அயர்லாந்துக்காரர் ஒருவர் எங்கள் சமையலறையில் கூட வேலை செய்கிறார். கிராம்வெல் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். நான் அவர் முன்னால் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. குடியரசு என்ற ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். கிராம்வெல்லை எல்லாவற்றிலும் ஆதரிக்க என்னால் முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் என்றுதான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன்.

3 ஜனவரி

தலைவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசியதைத் தொகுக்கச் சொல்லி ஒருவர் கேட்டார். எல்லாம் முடியாது, மனதில் நிற்பதைச் சொல்கிறேன்.

2005 ஜூலையில் பிரான்ஸ் அதிபர் ஷிராக் ரஷ்யாவின் கலினின்கிராடில் ரஷ்ய அதிபர் புதினோடும் ஜெர்மன் தலைவர் ஷ்ரோடரோடும் உட்கார்ந்திருந்தபோது, இவ்வளவு மோசமாகச் சமைக்கிறவர்களை நம்பவே முடியாது, பின்லாந்துக்கு அடுத்து இவர்கள் சாப்பாடுதான் படுமோசம் என்று பிரிட்டனைப் பற்றிச் சொன்னதாகப் பிரெஞ்சுப் பத்திரிகை போட்டது. சில நாளில் 2012 ஒலிம்பிக் யாருக்கு என்ற வாக்கெடுப்பு. லண்டன் 54, பாரிஸ் 50. பின்லாந்து உறுப்பினர்கள் இருவர் அந்தக் குழுவில் இருந்தார்கள். அதனால்தான் பாரிஸ் தோற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டு ஏழையின் தட்டைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் பிடிக்காது.

அதற்கு எதிர்ப்பக்கம் ராபின் குக். வெளியுறவு அமைச்சராக இருந்தபோது 2001-இல், சிக்கன் டிக்கா மசாலாதான் பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்றார். வந்து குடியேறியவர்களையும் சேர்த்ததுதான் இந்த நாடு என்று சொல்வதற்காக அதை எடுத்தார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும், அந்தக் குழம்பு அவ்வளவாகப் பிடிக்காது.

2012-இல் நிதியமைச்சர் ஆஸ்போர்ன் இறைச்சியும் காயும் அடைத்துச் சுடும் பேஸ்டியைச் சூடாக விற்றால் 20 சதவீத வரி என்றார். ஊரே கொதித்தது. மே மாதத்திலேயே பின்வாங்கினார். 27-ஆம் தேதிக் குறிப்பில் எழுதிய ஸ்மித்ஃபீல்டு இறைச்சி வரியைத் திரும்பப் படியுங்கள். 365 வருடம் ஆகியும் பாடம் படிக்கவில்லை.

லிஸ் டிரஸ் 1994-இல் மாணவியாக லிபரல் டெமாக்ரட் மாநாட்டில் மன்னராட்சி கூடாது என்று பேசியவர். 2014-இல் அமைச்சராக, நாம் சாப்பிடும் சீஸில் மூன்றில் இரண்டு பங்கு இறக்குமதி, இது அவமானம் என்று மேடையில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பண்ணைச் சீஸ்கள் எப்படி அழிந்தன என்று தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். 2022-இல் பால்மோரலில் அரசி அவரைப் பிரதமராக நியமித்தார், அதற்கு இரண்டு நாள் கழித்து அரசி காலமானார்.

5 ஜனவரி

கேள்வி கேட்ட நண்பரின் கடைசி வரிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை: மன்னர் இருந்தால் விருந்து இருக்கும் என்றாரே.

விருந்து இருந்தது, ஆனால் அது யாருடைய சமையல்? பிரான்சில் ஒதுங்கி வாழ்ந்துவிட்டு 1660-இல் வந்த இரண்டாம் சார்லஸின் அரசவையில் பிரெஞ்சு மோகம்தான். மேல்தட்டு அப்படிப் போனால் உள்ளூர்ச் சமையல் வேலைக்காரர் சாப்பாடு ஆகிவிடும். லா வரென் புத்தகம் 1653-இலேயே வந்துவிட்டதே என்று யாராவது பிடிப்பீர்கள். புத்தகம் வருவது வேறு, அதைச் சாப்பிட்டால்தான் கௌரவம் என்று ஆவது வேறு. அரண்மனை விருந்துப் பட்டியல் பிரெஞ்சில் எழுதும் வழக்கம் நம் காலம் வரை நீடித்தது. 1953 முடிசூட்டு விருந்துக்கு ரோஸ்மேரி ஹியூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் சேர்ந்து ஆக்கிய கறிப்பொடி போட்ட கோழிக்குக்கூட அன்று பட்டியலில் பிரெஞ்சுப் பெயர்தான். வெளியே ஜனம் ரேஷன் புத்தகத்தோடு நின்றது.

2023 மே 6 முடிசூட்டுக்கு ஊர் கூடிச் சாப்பிட அரண்மனை அறிவித்தது கீஷ் என்ற முட்டை ஊற்றிச் சுடும் பை, அதுவும் பிரெஞ்சு வகை. பசலைக்கீரை, பிராட் பீன்ஸ், டாரகன். எங்கள் இல்லத்தில் நானும் செய்தேன், நன்றாகவே வந்தது. அதே காலையில் லண்டனில் மன்னராட்சி வேண்டாம் என்று பதாகை இறக்கிக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் பிடித்து வைத்தது. பிறகு வழக்கில்லாமல் விட்டார்கள். கீஷை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டே அந்தச் செய்தியைப் பார்த்தேன். தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர், தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க முயற்சி செய்தவர், "அவங்க சத்தம் போட்டா என்ன, ராஜா என்ன உடைஞ்சா போயிடுவார்?" என்று கேட்டார்.

7 ஜனவரி

"கிராம்வெல்லே மன்னராகத்தான் ஆசைப்பட்டார்" என்பதற்கு: 1657-இல் நாடாளுமன்றம் முடியைக் கொடுத்தது, வாரக்கணக்கில் யோசித்தார், மே 8 அன்று வேண்டாம் என்றார். ஜூனில் ஊதா அங்கி, செங்கோல், முடிசூட்டு நாற்காலி எல்லாவற்றோடும் மறுபடி பதவியேற்றார். முடி மட்டும் இல்லை. பெயரை மறுத்து அதிகாரத்தை வைத்துக்கொண்டார், அடுத்து மகனையே உட்கார வைத்தார். ஹாரிங்டன் பயந்தது இதைத்தான். ஒரே கை வெட்டி, ஒரே கை எடுத்துக்கொண்டது. 1659-இல் மகன் ரிச்சர்ட் விழுந்ததும் எல்லாம் விழுந்தது.

9 ஜனவரி

விலாங்கு மீன் பை செய்முறை கேட்டவர்களுக்கு: நான் செய்வதில்லை. ஐரோப்பிய விலாங்கு இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது, சதுப்பு போனதும் ஆற்றுத் தடுப்புகளும் அதற்குப் பெரிய காரணங்கள். பழைய இங்கிலாந்துச் சமையல் ஒன்றைச் செய்து பார்க்க ஆசை என்றால் கானாங்கெளுத்தி வாங்குங்கள். தோலில் கீறி, உப்பும் மிளகும் தேய்த்து, நேர் அனலில் இரண்டு பக்கமும் மொறுமொறுப்பாக வாட்டுங்கள். கூஸ்பெரியைக் கொஞ்சம் வெண்ணெய், கொஞ்சம் சர்க்கரையோடு மசிய வேகவைத்து மேலே ஊற்றுங்கள். புளிப்பு தூக்கலாக இருக்க வேண்டும், அதனால் சர்க்கரையில் கை தாராளம் வேண்டாம். கூஸ்பெரி ஜூனில்தான் வரும். அதுவரை உறையவைத்த பாக்கெட் கிடைக்கும். தண்ணீரை நன்றாக வடித்துவிட்டுப் போடுங்கள்.